‘ஊர்’ என்றொரு கட்டம்

முதலாண்டு மாணவர்களுக்கான முதல் வகுப்பில் நான் பாடம் நடத்துவதில்லை. ஒரு தாளைச் சுற்றுக்கு விடுவேன். பெயர், படித்த பள்ளி, ஊர் என்று மூன்று கட்டங்கள் அதில் இருக்கும். தாள் திரும்பி வந்ததும் மூன்றாவது கட்டத்தை மட்டும் உரக்க வாசிப்பேன். காசிமேடு, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, எர்ணாவூர், மணலி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். வடசென்னையிலிருந்து வரும் பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் ‘சென்னை’ என்று எழுதிப் பார்த்தது அபூர்வம். சென்ற ஆண்டு ஒரு மாணவி ‘சென்னை’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு ‘எர்ணாவூர்’ என்று எழுதியிருந்தாள். ஏனம்மா அடித்தாய் என்று கேட்டேன். “சென்னைன்னு போட்டா, சென்னையில எங்கன்னு கேப்பீங்க சார். அதான் நேராவே போட்டுட்டேன்” என்றாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் அடித்த கோட்டைப் பற்றி யோசித்துக்கொண்டேதான் அன்று வீடு திரும்பினேன்.

என் ஊர் முகத்துவாரக்குப்பம். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது. ஆசிரியர் ஓய்வறையில் இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் வரும் முதல் கேள்வி, “அது எந்த மாவட்டம்?” என்பதுதான். என் நாற்பத்து நான்கு வயதுக்குள் இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் சொல்லியிருக்கிறேன். 1996இல் நான் பத்தாம் வகுப்பு முடித்தபோது எங்களுடையது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். அடுத்த ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. நாங்கள் அதில் போனோம். 2011இல் கத்திவாக்கம் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. மாநகராட்சி சென்னை, மாவட்டம் திருவள்ளூர் என்ற இரட்டை வாழ்க்கை ஆறாண்டுகளுக்கு மேல் நடந்தது. 2018 தொடக்கத்தில் திருவொற்றியூர் வட்டமும் சென்னை மாவட்டத்தில் சேர்ந்த பிறகுதான் அது முடிவுக்கு வந்தது. இருந்த வீட்டைவிட்டு நகராமலேயே என் அம்மா மூன்று மாவட்டங்களில் குடியிருந்துவிட்டாள். அஞ்சல் துறைக்கு மட்டும் முன்யோசனை இருந்திருக்கிறது. நாங்கள் நகராட்சியாக இருந்த காலத்திலேயே எங்கள் முகவரி ‘சென்னை 600057’தான்.

இத்தனைக்குப் பிறகும், ஸ்டான்லி மருத்துவமனைக்கோ பாரிமுனைக்கோ கிளம்பும்போது அம்மா, “மெட்ராசுக்குப் போயிட்டு வரேன்” என்றுதான் சொல்கிறாள். அவள் மட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான். ‘பட்டணம்’ என்றும் சொல்வார்கள்.

தமிழ் படித்தவனுக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. நெய்தல் நிலத்து ஊர்களுக்கு நம் இலக்கண நூல்கள் தரும் பெயர்கள் பட்டினமும் பாக்கமும். கத்திவாக்கத்தின் பின்பாதியில் இருப்பது அந்தப் பாக்கம்தான். இந்தக் கரையின் மீனவச் சமூகத்துக்குப் பட்டினவர் என்றே பெயர். கடற்கரை ஊரையும் துறைமுகத்தையும் குறித்த சொல் காலப்போக்கில் பெருநகரத்தின் பெயராகிவிட்டது. தம் சமூகப் பெயரிலேயே பட்டினத்தை வைத்திருப்பவர்கள் பேருந்து ஏறிப் பட்டணத்துக்குப் போகிறார்கள். வகுப்பில் பட்டினப்பாலையைத் தொடங்கும் நாள்களில் இதைச் சொல்லிவிட்டுத்தான் காவிரிப்பூம்பட்டினத்துக்குள் நுழைவேன்.

*

நகரத்துக்கு வெளியே இருப்பதால் நாங்கள் இப்படிச் சொல்கிறோம் என்று எண்ணிவிடக் கூடாது. நகரம் எங்களிடம் எப்போதோ வந்துவிட்டது. 1806இல் காக்ரேன் என்ற ஆங்கிலேயர் வெட்டிய உப்புநீர்க் கால்வாய் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும்தான். பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீண்ட நீர்வழியின் தொடக்கம் அதுவே. அக்காலத்து வெள்ளைக்காரர்களுக்கு எண்ணூர் காற்று வாங்கும் இடம். இங்கே ஓய்வு மாளிகைகள் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு எண்ணூருக்குக் காற்று வாங்க வந்தார்கள் என்று சொன்னால் என் மாணவர்கள் நம்புவதில்லை.

அவர்கள் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் நிறுத்தப்பட்டது. ஆற்றுக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1994இல் வந்தது. பிறகு வல்லூர் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் காமராசர் துறைமுகம். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். மாநகரத்தின் விளக்கு எரிவதற்கும் வண்டி ஓடுவதற்கும் வேண்டியவை எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. நிலக்கரிச் சாம்பலும் கொதிநீரும் ஆற்றில் இறங்கிய கதையை எங்கள் குப்பத்தில் பத்து வயதுப் பையனும் சொல்லுவான். மடவை எங்கே போயிற்று, இறால் எந்த மடுவில் இருந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். நகர்ந்து வந்த மணல் சுவரில் தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. அப்படி அகன்றதுதான் மெரினா. மணல் வராமல்போன வடக்கே, ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கி, கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தெருக்களே கடலுக்குள் போயின. இன்று கருங்கல் கொட்டியும் தூண்டில் வளைவு போட்டும் கரையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மெரினாவில் நடக்கும்போதெல்லாம், இங்கே வந்திருக்க வேண்டிய மணலில் நடக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு வந்துவிடும்.

*

2008 முதல் 2011 வரை வேலூரில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்தேன். நான் போய்ச் சேர்ந்த ஆண்டில்தான் வேலூர் மாநகராட்சியாகியிருந்தது. பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. மாலையில் கோட்டையைச் சுற்றி ஒரு நடை. பிறகு லாங் பஜாரில் ஒரு தேநீர். அங்கே நான் கவனித்தது ஊர்க்காரர்கள் குறை சொல்லும் விதத்தை. வெயில், பாலாற்றில் தண்ணீர் இல்லை, குடிநீர் வரவில்லை, சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காளிகளால் வாடகை ஏறிவிட்டது. குறைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அது சொந்த வீட்டைப் பற்றி அலுத்துக்கொள்வது போன்ற குரல். யாரைத் திட்ட வேண்டுமோ அவர் பெயர் திட்டுபவருக்குத் தெரியும். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதும் தெரியும். வெளியூர்க்காரனான நான் சேர்ந்துகொண்டு வெயிலைக் குறை சொன்னால், “அப்படியொண்ணும் மோசமில்ல சார்” என்று உடனே ஊரின் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

எங்களுக்கும் அப்படியொரு காலம் இருந்தது. கத்திவாக்கம் சிறு நகராட்சி. பக்கத்தில் திருவொற்றியூர், 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 2½ லட்சம் பேர் கொண்ட நகராட்சி. தியாகராசர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும் ஒருபுறம், விம்கோ தீப்பெட்டி ஆலையும் என்ஃபீல்டு ஆலையும் மறுபுறம் என்று அது தன்னளவில் முழுமையான ஒரு நகரம். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தொழிலுக்குப் போய்வந்த கோலத்திலேயே நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போடுவார். தண்ணீர் வந்ததா என்றால், சில நாள் வந்தது, பல நாள் வரவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஆற்றில் சாம்பல் கலந்ததும் அந்தக் காலத்தில்தான். நகராட்சியால் அதைத் தடுக்க முடியவில்லை. இணைப்புக்குப் பிறகு சாலை மேம்பட்டது, தெருவிளக்கு வந்தது, குப்பை வண்டி ஒழுங்காக வருகிறது. 2021இல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. மாநகராட்சியின் மண்டலங்களில் முதல் மண்டலமே திருவொற்றியூர்தான். எண்ணிக்கை எங்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் எண்ணிக்கையில் சேர்வது வேறு, கணக்கில் வருவது வேறு. அதை நான் காலதாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அதற்கு நானே ஒரு காரணமாகவும் இருந்திருக்கிறேன்.

*

2020 தொடக்கத்தில் மத்திய அரசு 111 நகரங்களில் ‘வாழ எளிதான நகரம்’ என்ற குறியீட்டுக்காகக் குடிமக்களிடம் கருத்துக் கேட்டது. ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் 20 வரை நடந்த அந்தக் கணக்கெடுப்பில் 32 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு குடிமக்கள் சொல்லும் கருத்துக்கு. இணைப்பு எங்கள் கல்லூரிக்கும் வந்தது. இரண்டு வகுப்புகளுக்கு நடுவில், கைப்பேசியில், நின்றுகொண்டே நிரப்பினேன். நான் அப்போது அம்பத்தூர்ப் பக்கத்தில் அடுக்குமாடி ஒன்றில் குடியேறியிருந்தேன். குடிநீர் வருகிறதா, வருகிறது. குப்பை எடுக்கிறார்களா, எடுக்கிறார்கள். போக்குவரத்து, பரவாயில்லை. பாதுகாப்பு, திருப்தி. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

2021 மார்ச்சில் முடிவு வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பெங்களூரு, புனே, அகமதாபாத்துக்கு அடுத்து நான்காவது இடம் சென்னைக்கு. பத்து லட்சத்துக்குக் கீழே உள்ள நகரங்களின் பட்டியலில் சேலம் ஐந்தாவது, வேலூர் ஆறாவது, திருச்சி பத்தாவது. வேலூரைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. பழைய நண்பருக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “எந்த வேலூரச் சொல்றாங்க?” என்றார். அதிலும் பெருமை கலந்திருந்தது.

அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. சேலத்தார் சொன்னது சேலத்தின் கணக்கில், வேலூரார் சொன்னது வேலூரின் கணக்கில். நான் சொன்னது எதன் கணக்கில்? அம்பத்தூர் மாடியில் குடியிருப்பவனின் ‘திருப்தி’, முகத்துவாரத்தில் என் அம்மா குடியிருக்கும் தெருவுக்கும் சேர்த்துப் பதிவாகியிருக்கிறது. 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையொதுங்கி, வாளியால் மொண்டு எடுத்த ஊர் அது. அந்தப் படத்தைப் பார்த்து நானும் கொதித்தவன்தான். மூன்றே ஆண்டுகளில் அதை மறந்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறேன். திருவொற்றியூர் தனி நகரமாகவே இருந்து, அதற்கென்று ஓர் இடம் அந்தப் பட்டியலில் கிடைத்திருந்தால் அது எத்தனையாவது இடமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசி இடமாக இருந்திருந்தாலும் அது எங்களுடைய இடமாக இருந்திருக்கும். இப்போது நாங்கள் நான்காம் இடத்துக்குள் இருக்கிறோம்.

*

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெயும் சேர்ந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எங்கள் ஆற்றுக்குள் வந்தது. படகெல்லாம் கறுப்பு, வலையெல்லாம் கறுப்பு. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற மட்டத்துக்கு எண்ணெய்க் கோடு. அப்போதும் அள்ளியது எங்கள் ஆட்கள்தான். படகில் போய்ப் பீப்பாய் பீப்பாயாக அள்ளினார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது.

அந்த மாதமே 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. நள்ளிரவில் சித்தப்பா மகன் அழைத்தான். “அண்ணா, எல்லாரும் தெருவுக்கு வந்துட்டாங்க, மூச்சு முட்டுதுன்னு பெரியகுப்பத்துல இருந்து ஓடி வராங்க” என்றான். முகத்துவாரம் வரை நெடி வந்ததோ இல்லையோ, பயம் வந்துவிட்டது. விடியும் முன் போய்ச் சேர்ந்தேன். அம்மா ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒரு பையில் ரேஷன் அட்டையையும் ஆதாரையும் போட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கே என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். இனி அங்கே போக வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டதாகவே நினைத்தேன். ஒன்பது நாள் இருந்தாள். நான்கு மணிக்கு விழித்துப் பால்கனியில் நிற்பாள். “இங்க காத்து எந்தப் பக்கமா வருது?” என்று ஒருநாள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்தாண்டுகளாக அந்த வீட்டில் இருக்கிறேன். எட்டாம் நாள் எங்கள் மாடிப்படியின் கீழே சாமியானா போட்டிருந்தது. மூன்றாவது மாடியில் ஒருவர் இறந்துவிட்டார். அவர் மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தது எங்களுக்குத் தெரியாது. அம்மா அதிர்ந்துபோனாள். “யாரு பொறந்தாங்க, யாரு செத்தாங்கன்னே தெரியாம எப்படிடா கண்ணு இருக்கறது? அங்க எனக்கு ஒண்ணுன்னா கத்தினா போதும்டா” என்றாள். மறுநாள் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

அவள் சொன்னது சரியென்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவளுக்கு நாள்பட்ட இருமல் இருக்கிறது. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும் ஊர்தான்; ஆனால் வருகிற ஆளுக்கும் அதே இருமல். தப்பென்று சொல்லவும் முடியவில்லை. எந்த நகரத்தில் வாழ்வது எளிது என்ற கேள்விக்கு நான் விடையாகக் கொண்டவை குழாயும் குப்பை வண்டியும். அவள் விடையாகக் கொண்டது சத்தம் போட்டால் கேட்கும் தூரம். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கக் கூடாது என்று யார் முடிவு செய்தது என்பதுதான் என் கேள்வி.

கொண்டுபோய் விட்ட அன்று மாலை ஆற்றோரம் சித்தப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் படிந்த வலையை என்ன செய்வதென்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய கணக்கெடுப்பின் நினைவு வந்து, “இங்க இருக்கறது எப்படி இருக்கு சித்தப்பா? பத்துக்கு எவ்வளவு குடுப்பீங்க?” என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எந்த மாசத்துலப்பா கேக்கற?”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். மழைத்தண்ணீர் இறங்கி முகத்துவாரம் அகலமாகத் திறந்திருந்தால் கடலிலிருந்து ஆற்றுக்கு இறால் ஏறும். அந்த மாதத்தில் கேட்டால் ஒரு விடை. கோடையில் வாய் தூர்ந்து தண்ணீர் போக்குவரத்து இல்லாமல் கிடந்தால் வேறொரு விடை. காற்று ஆலைகளின் பக்கமிருந்து அடித்தால் ஒன்று, கடலிலிருந்து அடித்தால் ஒன்று. “இப்பக் கேட்டீன்னா வாயில நல்ல வார்த்த வராது. போயிட்டு ஐப்பசில வா” என்றார்.

*

சென்ற மாதம் அம்மாவை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. பேருந்தில் தூக்கிப்போடும் என்பதால் விம்கோ நகரில் மெட்ரோ ஏறினோம். அவளுக்கு அதுதான் முதல் முறை. சன்னல் பக்கம் உட்கார்ந்து, மேலிருந்து திருவொற்றியூரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தேரடி, காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி என்று நிலையங்கள் போயின. ஒவ்வொரு முறையும் கதவு திறக்கும்போது என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினேன். புதுவண்ணாரப்பேட்டையைத் தாண்டியதும் வண்டி நிலத்துக்குள் இறங்கியது. சன்னலில் வெளிச்சம் போய் எங்கள் முகங்கள் தெரிந்தன.

“மெட்ராஸ் வந்துடுச்சா?” என்றாள் அம்மா.

நாற்பது ரூபாய்க்குள் வந்துவிடும் தூரம்தான். நாம் மெட்ராசில்தான் இருக்கிறோம், 2011இலிருந்தே, என்று சொல்ல வாயெடுத்தேன்.

“வந்துடுச்சும்மா” என்றேன்.